பெயர் போன இயக்குநர்

இந்தக் கதையில் வருகிற கல்வித்துறை இயக்குநர் அம்மாவுக்குப் பெயர் இல்லாமல் இல்லை. நல்ல பெயர். அவருடைய அறைக் கதவில் பித்தளையிலும், காப்பிக் கோப்பையில் நீல எழுத்திலும், பாலைவனப் பள்ளிகளுக்கெல்லாம் அவர் அனுப்பிவைத்த தண்ணீர் பாட்டில்களில் வெள்ளை எழுத்திலும் அது இருந்தது. அந்தப் பெயர்மீது அவருக்குக் கொள்ளைப் பிரியம். அதனால்தான் அதை இங்கே எழுதப்போவதில்லை.

வாலுங்கா என்ற பாலைவன ஊரின் பழங்குடிப் பெண் மாரிங்கா. அவளுடைய அக்காவுக்கும் அதே பெயர். அக்காவை மிஷன் காலத்து நர்ஸ் ஒருத்தி பிறந்தவுடன் அந்தப் பெயரால் கூப்பிட்டாள், அது ஒட்டிக்கொண்டது. வாலுங்கா பள்ளியில் பிள்ளைகளுக்கு ஊர் மொழியைச் சொல்லிக்கொடுத்தவள் அக்கா. சிறுநீரகம் போனபின் நகரத்தில் ரத்தம் சுத்தம் செய்யும் நாற்காலிக்குப் போய்விட்டாள். அந்த நாற்காலியை விட்டு எழுந்து ஊருக்கு வர அவளால் முடியவில்லை. அங்கேதான் கல்வித்துறைக்காரர்கள் ஒலிவாங்கியோடு வந்தார்கள். கையில் ஊசி குத்தியிருக்க, அக்கா பேசினாள். மூன்று பாகம்: பண்பாடு, மொழி, சிறப்பிடங்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கான பாடத்தொகுப்பு.

பேசி முடித்ததும் அக்கா ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அடுத்த வாரம் உங்க வண்டி வாலுங்காவுக்குத்தானே போகுது? பின்சீட்டுல என்னையும் கூட்டிட்டுப் போங்க. நர்ஸும் கூட வர்றேன்னு சொல்லிட்டா. ரெண்டு ராத்திரி என் மண்ணுல படுத்துட்டு வந்துடறேன்."

இயக்குநர் அம்மா கண் கலங்கினார். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க மண்ணோட உங்களுக்கு இருக்கிற பந்தம் எனக்குப் புரியுது. அதப் பத்தி நாலாம் பாடத்துல ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கேன். ஆனா காப்பீடு இடம் கொடுக்காது" என்றார்.

வண்டி வாலுங்காவுக்கு வந்தது. பின்சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தது அட்டையால் செய்த ஒரு கங்காரு. அக்கா அதற்கடுத்த வாரம் நகரத்தில் இறந்துபோனாள்.

மாரிங்கா அந்தக் கங்காருவை மறக்கவில்லை.

வாலுங்காவில் ஒருவர் போய்விட்டால் அவர் பெயர் யார் வாயிலும் வராது. வந்தால் போகிறவர் திரும்பிப் பார்ப்பார்; இருக்கிறவர் நெஞ்சு கிழியும். அதே பெயரோடு உயிருடன் இருக்கிறவர்களையும் அந்தப் பெயரால் கூப்பிட மாட்டார்கள். குன்மனாரா என்பார்கள், பெயர் சொல்லக் கூடாதவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். போனவரின் படத்தைப் பார்ப்பதில்லை, குரலைக் கேட்பதில்லை. அவர் வாழ்ந்த வீட்டைவிட்டு வெளியேறி, இலைக்கொப்பால் கால்தடத்தைப் பெருக்கிவிட்டு வேறிடத்தில் படுப்பார்கள். குடும்பம் போதும் என்று சொல்லும்வரை இப்படித்தான். கடையில் கல்லாவில் இருந்த பெண் அன்றே குன்மனாரா ஆனாள். வின்ஸ்டனின் நாய்கூடக் குன்மனாரா ஆயிற்று. வின்ஸ்டன் அக்காவின் கணவன்; நாய்க்குப் பெண்டாட்டி பெயரை வைத்து ஆயுசுக்கும் அடி வாங்கியவன்.

இப்படி ஊரே வாயைக் கட்டிக்கொண்டு கிடந்த ஒரு காலையில் பள்ளி ஒலிபெருக்கியிலிருந்து அக்கா பேசினாள்.

"பிள்ளைகளா, வாங்க. காதைத் திறந்து வச்சுக்கிட்டுக் கேளுங்க." அதன்பின் மணியோசை. அதன்பின் இயக்குநரின் குரலில், பேசியவரின் பெயர்.

தண்ணீர்த் தொட்டியடியில் நின்றிருந்த பெண்கள் காதைப் பொத்திக்கொண்டு அலறினார்கள். பிள்ளைகள் வாசல்வரை வந்து திரும்பி ஓடினார்கள். வின்ஸ்டன் போர்வையைத் தலையோடு இழுத்து மூடிக்கொண்டு பகலெல்லாம் எழுந்திருக்கவில்லை. மறுநாள் காலையிலும் அக்கா பேசினாள். அதற்கு மறுநாளும்.

மாரிங்கா தலைமையாசிரியரிடம் போனாள். அந்த ஆண்டின் தலைமையாசிரியர் கிரெய்க் என்ற பையன். கெட்டவன் இல்லை, கடலோரத்திலிருந்து வந்தவன், எப்போதும் மூக்குத்தோல் உரிந்திருக்கும்.

"கிரெய்க், அந்தக் குரலை நிறுத்துப்பா. என் அக்கா போய்ட்டா."

"ரொம்ப வருத்தமா இருக்கு மாரிங்கா. ஆனா அந்தப் பொத்தான் எங்கிட்ட இல்ல. வட்டார அலுவலகத்துலேர்ந்து தானா ஓடுது."

"ஒயரைப் புடுங்கிவிடேன்."

"புடுங்கினா தீ எச்சரிக்கை மணியும் போயிடும். அதுக்கு நான் பதில் சொல்லணும்."

காணொளியில் இயக்குநரைப் பிடித்துக் கொடுத்தான். அறையில் ஒரே ஒரு நாற்காலி. அதில் கணினி இருந்தது. மாரிங்கா நின்றாள்.

"முதற்கண்," என்று இயக்குநர் கண்ணை மூடிக்கொண்டார், "இந்த நிலத்தின் மரபுவழி உரிமையாளர்களை வணங்குகிறேன். அவர்களுடைய மறைந்த மூத்தோரையும், வாழும் மூத்தோரையும்..."

"சரிங்க, வணக்கம். நான் வந்தது எதுக்குன்னா..."

"மாரிங்கா, உரிமையாளர்களுக்கு மரியாதை செய்யும்போது குறுக்கே பேசக் கூடாது."

மாரிங்கா தன்னை வணங்கி முடிக்கிறவரை நின்றாள். பிறகு சொன்னாள்.

"அக்கா செத்துப்போய்ட்டா. அவ குரலக் கேக்கக் கூடாது. பேரையும் சொல்லக் கூடாது. நிறுத்துங்க."

"எனக்குத் தெரியும். எவ்வளவு பெரிய இழப்பு! அதனாலதான் அவங்க குரலை எல்லாப் பள்ளிக்கும் கொண்டுபோறோம். இனிமே அவங்களுக்குச் சாவே கிடையாது."

"அதாங்க எங்களுக்குத் தொல்லை."

இயக்குநர் சிரித்தார், அது பழங்குடி நகைச்சுவை என்று குறித்துக்கொண்டார். பிறகு, ஒரு வழக்கத்தைக் காரணம் காட்டிப் பாடத்தொகுப்பை மாற்றவேண்டுமானால், அந்த வழக்கம் உண்மைதான் என்று துறை ஒப்புக்கொண்ட பண்பாட்டு நிபுணர் உறுதிசெய்ய வேண்டும் என்றார்.

"வாலுங்காவுக்கு யாரு நிபுணர்?"

இயக்குநர் தன் கணினியில் தேடினார். தேடியது கிடைத்ததும் முகம் மலர்ந்தது. "உங்க அக்காதான்! அவங்களையே ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லிடுங்க."

மாரிங்கா அவர் கேலி செய்கிறார் என்று நினைத்தாள். முகத்தை உற்றுப் பார்த்தாள். கேலி இல்லை.

அக்காவின் இடம் காலியாக இருப்பதால் அதை மாரிங்காவே நிரப்பலாம் என்று துறை முடிவு செய்தது. அதற்கு அவள் பழங்குடிப் பண்பாட்டு விழிப்புணர்வுப் பயிற்சியில் தேறவேண்டும். நகரத்துக்குக் கூட்டிப்போனார்கள். இதற்கு மட்டும் காப்பீடு இடம் கொடுத்தது. பயிற்சி கொடுத்தவன் மெல்போர்ன்காரப் பையன். பழங்குடியினர் கண்ணைப் பார்த்துப் பேசமாட்டார்கள், அதை மதிக்கவேண்டும் என்று சொல்லி, மாரிங்காவோடு பேசும்போதெல்லாம் அவள் முழங்காலைப் பார்த்தான். அவளும் பாவம் என்று தன் முழங்காலைப் பார்த்தாள். கடைசியில் தேர்வு. 'பழங்குடியினர் நிலத்தை எவ்வாறு கருதுகின்றனர்?' என்ற கேள்விக்கு மாரிங்கா, 'எந்த நிலம், யாரோடது?' என்று எழுதினாள். விடைக்குறிப்பில் இருந்தது 'தாயாக' என்பது. மாரிங்கா தேறவில்லை. இன்னொரு முறை எழுதி, தாயாக என்று போட்டு, பழங்குடியினரை ஓரளவு புரிந்துகொண்டவள் என்று சான்றிதழ் வாங்கி வந்தாள்.

சிறப்பிடப் பாடம் அவளுக்கு வந்தது. ஊருக்குத் தெற்கே பாறையிடுக்கில் ஒரு சுனை உண்டு. அங்கே போகிறவர்கள் தொலைவிலேயே நின்று, இன்னார் வந்திருக்கிறோம் என்று குரல் கொடுத்து, ஒரு பிடி மணலைத் தண்ணீரில் வீசிவிட்டுத்தான் கிட்டப் போகலாம். அறிவிக்காமல் போனால் உள்ளே இருக்கிறவனுக்குக் கோபம் வரும். பிள்ளைகளை அங்கே கூட்டிப்போக மாரிங்கா கேட்டாள். துறையிலிருந்து ஒருவர் வந்து சுனையைப் பார்த்தார். கைப்பிடி இல்லை, பாறை வழுக்குகிறது, தண்ணீர் ஆழமாக இருக்கிறது, பாம்பு இருக்கலாம் என்றார்.

"இருக்கலாமாவா? அதோட இடமே அதுதானே" என்றாள் மாரிங்கா.

சுனை தகுதியிழந்தது. பதிலாகப் பள்ளி முற்றத்தில் நீலப் பிளாஸ்டிக்கில் ஒரு சுனை வந்திறங்கியது. சுற்றிலும் ஆரஞ்சு வேலி. பக்கத்தில் 'புனித இடம், காலணியுடன் மட்டும் வரவும்' என்று பலகை. பிள்ளைகள் தலைக்கவசம் போட்டுக்கொண்டு வரிசையாக நின்று அதற்குக் குரல் கொடுத்தார்கள். ட்ரிஷா என்ற வாயாடிப் பெண் ஒரு பிடி மணல் போட்டுவிட்டுக் கேட்டாள்:

"அத்தை, இதுக்குள்ள யாரு இருக்கா?"

"காப்பீடு" என்றாள் மாரிங்கா.

இத்தனைக்கும் நடுவில் ஒலிபெருக்கி ஒரு நாள்கூட ஓயவில்லை. காலையில் அக்கா கூப்பிட்டாள். கூப்பிட்டதும் பிள்ளைகள் பாதிப்பேர் ஓடிப்போனார்கள். ஏன் வருகை குறைகிறது என்று துறை ஆராய்ந்து, பண்பாட்டு ஈர்ப்பு போதவில்லை என்று கண்டுபிடித்து, ஒலியைக் கூட்டியது.

பிறகு இயக்குநரே நேரில் வந்தார். பள்ளியில் புதிய மொழிக்கூடம் கட்டி முடிந்திருந்தது. அமைச்சர் திறந்துவைக்கப் போகிறார்.

"உங்க அக்கா நினைவா பேர் வைக்கிறோம்," என்றார் மாரிங்காவின் தோளில் கைவைத்து. "அவங்க பேரை ஆளுயரத்துக்குப் பித்தளையில. என் பேரும் அதேதாங்கிறது தற்செயல்னு சிலர் சொல்லலாம். நான் அப்படி நினைக்கல. அந்த மண்ணே எங்க ரெண்டு பேரையும் சேர்த்து வச்சிருக்கு."

"வேணாங்க. கெஞ்சிக் கேக்கறேன். அந்தப் பேரை எழுதாதீங்க, சொல்லாதீங்க. குரலை நிறுத்துங்க. வேற எதுவும் நான் கேக்கல."

"மாரிங்கா, உங்க துயரத்தை நான் மதிக்கிறேன். துயரத்துக்குன்னே தொகுப்புல ஏழாம் பாடம் இருக்கு. 'இறந்தோருக்கு மரியாதை.' அது இங்க சரியா நடக்கலன்னு அறிக்கை சொல்லுது. பிள்ளைங்க வழக்கத்தைப் படிச்சா மட்டும் போதாது. தினசரி வாழ்க்கையில செஞ்சு காட்டணும். அதுதான் கற்றல் அடைவு."

"செஞ்சு காட்டணுமா?"

"செஞ்சே காட்டணும். எங்கேயும், யார் முன்னாடியும், தயங்காம. அமைச்சர் வர்றதுக்குள்ள இந்தப் பள்ளி அதுல முதலிடத்துக்கு வரணும்."

"எழுதிக் கொடுப்பீங்களா?"

"கையெழுத்தே போட்டுத் தர்றேன்!" என்றார் இயக்குநர். தன் கையெழுத்தும் அவருக்குப் பிடிக்கும்.

அன்று சாயங்காலம் மாரிங்கா வின்ஸ்டனின் நெருப்புப் பக்கம் போய் உட்கார்ந்தாள். கங்காரு வால் தணலில் வெந்துகொண்டிருந்தது.

"என்ன, சிரிக்கிற மாதிரி இருக்கு மூஞ்சி?" என்றான் வின்ஸ்டன். "சான்றிதழ் வாங்கினவங்க அப்படித்தான் சிரிப்பாங்களோ?"

"மாமா, நாளையிலேர்ந்து நான் பாடம் நடத்தப்போறேன். அந்தம்மா சொன்னபடியே. ஒரு எழுத்துப் பிசகாம."

"கிறுக்கா உனக்கு?"

"பொறுத்துப் பாருங்க."

மாரிங்கா ஏழாம் பாடத்தை நடத்தினாள். போனவரின் பெயரைக் கண்டால் மூடு. கேட்டால் தலை குனி. அந்தப் பெயர்க்காரர் எதிரே வந்தால் குன்மனாரா என்று சொல். பெயர் விழுந்த இடத்தைவிட்டு எழுந்து போ, தடத்தைப் பெருக்கு. பிள்ளைகளுக்கு வீட்டில் தெரிந்ததுதான். ஆனால் பள்ளியில் அதற்கு மதிப்பெண் உண்டு என்பது புதிது. ட்ரிஷா தன் தண்ணீர் பாட்டிலில் இருந்த வெள்ளை எழுத்தின்மேல் சேறு பூசிக்கொண்டு வந்தாள். மறுநாள் எல்லா பாட்டிலும் சேறு. பாடத்தொகுப்பின் அட்டை, சுவரில் இயக்குநரின் வாழ்த்துச் செய்தி, கழிப்பறைக் கதவில் அவர் பெயரால் ஒட்டிய கைகழுவும் குறிப்பு, எல்லாவற்றிலும் செம்மண் அப்பிற்று. கிரெய்க் ஒவ்வொன்றையும் படம் எடுத்து, அடைவு எட்டப்பட்டது என்று மேலே அனுப்பினான். வந்த ஓராண்டில் அவனுக்கு எட்டிய முதல் அடைவு அது. துறை அவனைப் பாராட்டியது. படங்களில் சேறு எதை மூடியிருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. சேறு பண்பாட்டுக்குப் பொருத்தமாகவே இருந்தது.

திறப்பு நாளில் ஊர் முழுக்க வந்தது. கிழவர்களும் வந்து மரத்தடியில் உட்கார்ந்தார்கள். அமைச்சர் அம்மா முன்வரிசையில், மடியில் துறையின் கையேட்டோடு இருந்தார். வரும் வழியில் விமானத்தில் அதைப் படித்திருந்தார் என்பது பின்னால் தெரிந்தது. இயக்குநருக்கு அது தெரியாது. கையேட்டை யாரும் படிப்பார்கள் என்று அவர் எதிர்பார்த்ததில்லை.

இயக்குநர் மேடையேறி நில உரிமையாளர்களை வணங்கினார். மாரிங்கா வேலிக்குப் பின்னால் நின்றாள்.

"இன்று ஒரு குரலைக் கொண்டாடுகிறோம்," என்று தொடங்கினார் இயக்குநர். "குரலற்றவர்களுக்கு நாங்கள் குரல் கொடுக்கிறோம் என்று சொல்வார்கள். தவறு. நாங்கள் அவர்கள் குரலை எடுத்துக்கொள்கிறோம். எடுத்து, சுத்தம் செய்து, தேவையற்றதை நீக்கி, அவர்களுக்கே திருப்பித் தருகிறோம்! என் பெயர்..."

தன் பெயரைச் சொன்னார்.

ட்ரிஷா கையைத் தூக்கினாள். "மிஸ், அந்தப் பேரச் சொல்லக் கூடாது. ஏழாம் பாடம்."

"அது என் பேரும்மா."

"தெரியும் மிஸ். நீங்க குன்மனாரா."

அமைச்சர் கை தட்டினார். இயக்குநரும் வேறு வழியில்லாமல் தட்டினார். தட்டிய கையோடு, பெயரை மூடியிருந்த திரையை இழுத்தார். ஆளுயரப் பித்தளை வெயிலில் பளீரென்றது.

முதலில் அழுதது வின்ஸ்டன்தான். அது பாடம் இல்லை, அடைவும் இல்லை. பிறகு பெண்கள் நெற்றியில் கைவைத்து ஓலமிட்டார்கள். எழுந்தார்கள். முன்பே ஒடித்து வைத்திருந்த கொப்புகளைப் பிள்ளைகள் எடுத்துக் கொடுத்தார்கள். எல்லாரும் முதுகுப்பக்கமாக நடந்து, தங்கள் தடத்தைத் தாங்களே பெருக்கிக்கொண்டு வெளியேறினார்கள். விருந்து சமைக்க வந்த சமையற்காரரும் போய்விட்டார். கிரெய்க் படம் எடுத்துக்கொண்டே போனான்.

அமைச்சர் கையேட்டைப் புரட்டினார். 'வெளியார் கடமை: உடனே எழுந்து, தலை குனிந்து, அப்பெயரை மீண்டும் உச்சரியாது, இடத்தைவிட்டு அகலவேண்டும்.' எழுதியவர் இயக்குநர். அமைச்சர் எழுந்தார், தலை குனிந்தார், அகன்றார்.

கூடத்து வாசலில் இயக்குநர் மட்டும் நின்றார். குறித்த நேரத்துக்கு ஒலிபெருக்கி தானாக உயிர் பெற்றது.

"பிள்ளைகளா, வாங்க. காதைத் திறந்து வச்சுக்கிட்டுக் கேளுங்க."

கேட்க அவரைத் தவிர யாரும் இல்லை.

வாலுங்கா பள்ளி அந்த ஆண்டு முதலிடம் பெற்றது. ஏழாம் பாடத்தைத் துறை முழுவதும், அலுவலர்களுக்கும் சேர்த்து, நடைமுறைப்படுத்த அமைச்சர் ஆணையிட்டார். இயக்குநரின் அறைக் கதவில் இருந்த பித்தளையைக் கழற்றினார்கள். கோப்பையை அலுவலகப் பெண் மரியாதையாகக் கறுப்புத்துணியில் சுற்றி வைத்தாள். தொலைபேசியில் அவரைக் கேட்டவர்களுக்கு, அப்படிப்பட்டவர் பெயரை நாங்கள் சொல்வதில்லை என்று பதில் போயிற்று. கேட்டவர்கள் அனுதாபம் தெரிவித்து வைத்துவிட்டார்கள். இரண்டு இடத்திலிருந்து மலர்வளையம் வந்தது. பதவி உயர்வுக்கு அவரையே தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் அறிவிக்கும் கூட்டத்தில் பெயரைச் சொல்ல முடியாததால், கடைசியில் சொல்லக்கூடிய பெயருள்ள ஒருவருக்குக் கொடுத்தார்கள். எதிர்ப்புத் தெரிவிக்க அவர் எழுந்தபோது, தன்னை யார் என்று சொல்லும்படி கேட்டார்கள்.

ஒலிபெருக்கி நின்றது. இயக்குநரே நிறுத்தினார். ஒயரைப் பிடுங்கச் சொன்னார் என்கிறார்கள். தீ எச்சரிக்கை மணிக்கு ஒன்றும் ஆகவில்லை.

பிறகு வாலுங்காவுக்குத் தொலைபேசி செய்தார்.

"மாரிங்கா, நான்தான்... பேசறேன்."

"யாருங்க?"

"குன்மனாரா," என்றது குரல், மெல்ல. "இது எப்ப முடியும்?"

"உங்க துயரம் எனக்குப் புரியுதுங்க. ஆனா அந்தப் பொத்தான் எங்கிட்ட இல்ல. குடும்பம் கூடித்தான் சொல்லணும்."

"நான் அந்த வழக்கத்தை மதிக்கிறேன்."

"தெரியுங்க. கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

சில நாளில், யாரும் கேட்காமலே, ஒரு பொட்டலம் வந்தது. உள்ளே கட்டைவிரல் அளவுக் கருவி. அக்கா பேசிய முழுப்பதிவு. தயவுசெய்து நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு துண்டுத்தாள். மாரிங்கா அதைக் கேட்கவில்லை. துணியில் சுற்றி, பித்தளைப் பெயர் வெயிலில் மங்கிக்கொண்டிருந்த அந்த ஆளில்லாத கூடத்தைத் தாண்டி நடந்து, வின்ஸ்டனிடம் கொடுத்தாள்.

குடும்பம் கூடிப் போதும் என்று சொல்ல இரண்டு மழை ஆயிற்று. அன்றைக்கு எல்லாரும் சுனைக்குப் போனார்கள், பாறையிடுக்கில் இருக்கிற சுனைக்கு. குரல் கொடுத்தார்கள். மணல் போட்டார்கள். கிரெய்க் விட்டுப்போன ஒரு சிறிய ஒலிப்பெட்டியில் கருவியைச் செருகினான் வின்ஸ்டன்.

"பிள்ளைகளா, வாங்க," என்றாள் அக்கா. "முதல்ல மூக்கைத் துடைங்க. ஒழுகற மூக்கோட பேசினா நம்ம மொழி சறுக்கி விழுந்துடும். துடைச்சாச்சா? காதைத் திறந்து வச்சுக்கிட்டுக் கேளுங்க."

மூக்கைத் தேவையற்றது என்று துறை நீக்கியிருந்தது. இத்தனை காலமும் அது யாருக்கும் தெரியாது. ட்ரிஷா முதலில் சிரித்தாள். கிழவர்கள் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே, அக்கா சொன்னபடி, ஒருவர் பாக்கியில்லாமல் மூக்கைத் துடைத்துக்கொண்டார்கள்.

கடைப்பெண்ணுக்குப் பெயர் திரும்பி வந்தது. கிழட்டு நாய்க்கும் வந்தது. அடுத்த ஆண்டு வின்ஸ்டனுக்குப் பிறந்த பேத்திக்கு அக்காவின் பெயரையே வைத்தார்கள். அவளுக்கும் அக்காவின் கால்தான், நிற்காமல் ஓடும்.

ஆண்டுதோறும் மழைக்கு முன் தொலைபேசி மணி அடிக்கிறது. மாரிங்கா எடுக்கிறாள்.

"குன்மனாரா பேசறேன். முடிஞ்சுதா?"

வெளியே வின்ஸ்டன் தணலிலிருந்து ரொட்டியை எடுத்துச் சாம்பலைத் தட்டிக்கொண்டு, பேத்தியை ஊர் கேட்கப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான். ஒரு தரம் இல்லை, நாலைந்து தரம். அந்தப் பெண் ஒரு தரம் கூப்பிட்டதும் வருகிற ஜாதி இல்லை.

மாரிங்கா தொலைபேசியின் வாயைக் கையால் இறுகப் பொத்துகிறாள். கூப்பிடுகிற சத்தம் அடங்குகிறவரை பொறுக்கிறாள். பிறகு கையை எடுத்து, மிகுந்த மரியாதையோடு சொல்கிறாள்:

"இன்னும் இல்லைங்க."